இயல்பான ஒலி எங்கே இருக்கிறது? - ஒரு அறை, இரண்டு ஸ்பீக்கர், கொஞ்சம் கணக்கு

ஆடியோவில் கொஞ்சம் ஆர்வம் உண்டு என்று தெரிந்துவிட்டால் போதும், நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு போட்டா நேர்ல பாடுற மாதிரி கேக்கும்?" என்பதுதான். கையில் ஒரு பட்ஜெட் இருக்கும். ஒரு லட்சம், மூன்று லட்சம், சிலருக்கு அதற்கும் மேல். எந்த ஆம்ப், எந்த டிஏசி, எந்த கேபிள் என்று ஒரு பட்டியலும் தயாராக இருக்கும். அந்தப் பட்டியலில் ஒரு பொருள் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அவர்கள் உட்கார்ந்து கேட்கப்போகும் அறை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதில் விழும் ஒலியைத் தீர்மானிப்பவை பதிவு, ஸ்பீக்கர், அறை ஆகிய மூன்றும்தான். மற்றதெல்லாம் இன்றைக்கு ஏறக்குறைய தீர்ந்துபோன பிரச்சினை. ஆனால் நம் ஆட்கள் காசைக் கொட்டுவது அந்தத் தீர்ந்துபோன இடத்தில். மூன்று லட்சம் சின்னத் தொகை இல்லை. மாதச் சம்பளக்காரனுக்கு அது சில வருடச் சேமிப்பு. அதனால் கணக்கோடு பார்த்துவிடுவோம்.

'அசல்' என்றால் எது?

பதிவு செய்த இசை அசல் மாதிரியே இருக்கிறதா என்று சோதிப்பது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழக்கம். எடிசனின் நிறுவனம் 1915 முதல் அமெரிக்க நகரங்களில் 'டோன் டெஸ்ட்' என்ற பெயரில் நிகழ்ச்சிகள் நடத்தியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் டயமண்ட் டிஸ்க் ஃபோனோகிராஃப். பாடகி பாடிக்கொண்டே இருந்து நடுவில் வாயை மூடிக்கொள்வார், இயந்திரம் தொடரும். எது பாடகி, எது இயந்திரம் என்று தெரியவில்லை என்றது கூட்டம். பதிவுக்கு மின்சார மைக் வராத காலம் அது. கூம்புக்குள் பாடிப் பதிவு செய்தவை அந்தத் தட்டுகள். இன்றைக்கு அதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அந்த நிகழ்ச்சிகளில் பாடிய ஆனா கேஸ், இயந்திரத்தின் ஒலியோடு ஒத்துப்போகும்படி தன் குரலை அமைத்துக்கொண்டதாகப் பல வருடம் கழித்துச் சொன்னார்.

1954ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வார்ஃப்டேல் நிறுவனர் கில்பர்ட் பிரிக்ஸ், குவாட் நிறுவனர் பீட்டர் வாக்கரோடு சேர்ந்து நேரடி இசையையும் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்க வைத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காட்டினார். அடுத்த வருடம் நியூயார்க் கார்னகி ஹாலிலும் நடந்தது. பிறகு அமெரிக்காவின் அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற தந்தி வாத்தியக் குழுவை வைத்து இதே மாதிரி பல கச்சேரிகள் நடத்தியது.

இந்தச் சோதனைகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அசலும் நகலும் ஒரே மண்டபத்தில் ஒலித்தன. மண்டபம் இரண்டுக்கும் பொது. வீட்டில் அப்படி இல்லை. பதிவு நடந்த இடத்தின் ஒலி ஏற்கெனவே பதிவுக்குள் இருக்கிறது. அதன்மேல் உங்கள் படுக்கையறை தன் ஒலியைப் பூசுகிறது. பிரச்சினையே இந்த இரண்டாவது பூச்சுதான்.

நம்மூர் ரசிகருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. "கச்சேரி மாதிரி" என்கிறோம். சபாவில் நாம் கேட்பது மைக், மிக்ஸர், பெரிய ஸ்பீக்கர் வழியாக வரும் ஒலி. அதை அளவுகோலாக வைத்தால் இன்னொரு ஸ்பீக்கரின் குணத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். மைக் இல்லாமல் நாம் தினமும் கேட்கும் ஒலிகளே சரியான அளவுகோல். அதில் முதலிடம் மனிதக் குரலுக்கு. பிபிசி பொறியாளர்கள் எல்எஸ்3/5ஏ போன்ற ஸ்பீக்கர்களை உருவாக்கிய காலத்தில் பேச்சுக் குரலைத்தான் முக்கியமான சோதனையாக வைத்திருந்தார்கள். அடுத்தவர் பேசும்போது ஒருவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்பதை ஒரே வார்த்தையில் கண்டுபிடித்துவிடுகிறோம் இல்லையா? அந்த அளவுக்குக் குரலில் நம் காதுக்குப் பயிற்சி உண்டு.

தம்புரா என்ற சோதனைக் கருவி

குரலுக்கு அடுத்து நான் பயன்படுத்துவது தம்புரா. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் சாரணி சுமார் 130 ஹெர்ட்ஸ், மந்தரம் அதில் பாதி, 65 ஹெர்ட்ஸ். ஆனால் தம்புராவின் உயிர் இந்த அடிப்படைச் சுரங்களில் இல்லை. 130ன் மடங்குகளான 260, 390, 520 என்று பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை அடுக்கடுக்காகப் போகும் மேற்சுரங்களில் இருக்கிறது.

இதை முதலில் அறிவியல்பூர்வமாகப் பார்த்தவர் சி.வி.ராமன். ஒரு கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளி உள்ள மேற்சுரங்கள் எழாது என்பது பழைய விதி. வீணையும் தம்புராவும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று 1921ல் எழுதினார். காரணம் வளைந்த குதிரையும், தம்புராவில் அதன்மேல் கம்பிக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலும். அதற்கு முந்தைய வருடம் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். சாதாரண வட்டத் தோலின் மேற்சுரங்கள் 1, 1.59, 2.14 என்று ஒழுங்கில்லாத விகிதத்தில் வரும், அதனால் வெறும் சத்தம்தான் கேட்கும். மிருதங்க வலந்தலையின் கரணை அந்த விகிதத்தை 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க முடிகிறது.

ஆடியோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இந்த வாத்தியங்களின் அடையாளமே மேற்சுரங்களுக்கு இடையிலான விகிதம்தான். ஒரு ஸ்பீக்கரோ அறையோ 2000 ஹெர்ட்ஸில் மட்டும் 5 டெசிபல் தூக்கிக் கொடுத்தால், தம்புராவின் மேற்சுரங்களில் ஒன்றிரண்டு மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டியது சுருதிப் பெட்டி மாதிரி ஆகிவிடும். பத்து நிமிடம் கேட்டால் காது அலுத்துவிடும். 'இயல்பு' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த விகிதம் கெடாமல் வந்து சேர்வதுதான்.

12 × 10 அறை என்ன செய்கிறது?

நம் அடுக்குமாடி வீடுகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. சிமெண்ட் பூசிய சுவர், டைல்ஸ் தரை.

முதலில் பேஸ். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பாதி அலைநீளம் சரியாக அடங்கும் அதிர்வெண்ணில் அறை தானே ஒத்ததிரும். சென்னையின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். 12 அடி என்பது 3.66 மீட்டர், 349ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 48 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு, அதாவது 3.05 மீட்டருக்கு, 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57ல் இரண்டு ஒத்ததிர்வு ஒன்றன்மேல் ஒன்றாக உட்காருகிறது.

பேஸ் கிதாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். சினிமாப் பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை 'பூம்' என்று வீங்கும். அடுத்தடுத்த சுரங்கள் ஒழுங்காக இருக்கும். ஐந்து லட்ச ரூபாய் ஆம்ப் போட்டாலும் வீங்கும், ஏனென்றால் வீங்குவது ஆம்ப் இல்லை. இந்த முதல் ஒத்ததிர்வுகளில் சுவரோரம் அழுத்தம் உச்சமாகவும் அறை நடுவில் பூஜ்ஜியத்தை ஒட்டியும் இருக்கும். அதனால் நட்டநடுவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை என்று தோன்றும், முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால் பேஸ் அதிகம் என்று தோன்றும். நாற்காலியை இரண்டடி நகர்த்துவதில் வரும் வித்தியாசம், ஆம்ப் மாற்றினால் வரும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரிது.

இரண்டாவது, ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவர். தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரைச் சுற்றி எல்லாப் பக்கமும் போகும். பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலை, நேரே வரும் அலையைவிடப் பாதி அலைநீளம் பிந்தினால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கப் பார்க்கும். ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி இருந்தால் இது 97 ஹெர்ட்ஸில் நடக்கும். ஆண் குரலின் அடித்தளம் இருக்கும் இடமே அதுதான். குரலில் 'நெஞ்சு' இல்லை என்று ஆம்பைத் திட்டுவோம். பின்சுவர், பக்கச்சுவர், தரை மூன்றிலிருந்தும் ஊஃபருக்கு உள்ள தூரம் ஒன்றுபோல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பள்ளங்கள் ஒரே இடத்தில் சேராது.

மூன்றாவது, முழக்கம். 1895ல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம், பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் வேலை கொடுக்கப்பட்டது. அவர் பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து போட்டு, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை இரவில் அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் நமக்கு உதவுகிறது: அடங்கும் நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல்.

நம் அறையின் கன அளவு 34 கன மீட்டர், உள்பரப்பு சுமார் 63 சதுர மீட்டர். சிமெண்டும் டைல்ஸும் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்தால் மொத்த உறிஞ்சல் 1.9, அடங்கும் நேரம் 2.9 வினாடி. காலி அறையில் கை தட்டினால் 'ட்ர்ர்ர்' என்று வருமே, அதுதான். கட்டில் மெத்தை, கனத்த திரை, புத்தக அலமாரி, இரண்டு ஆட்கள் எல்லாம் சேர்ந்து உறிஞ்சல் 11 ஆனால் நேரம் 0.5 வினாடிக்கு வந்துவிடும். இசை கேட்க 0.3 முதல் 0.5 வினாடி நல்ல இலக்கு.

இதில் ஒரு பொறி உண்டு. ஜமுக்காளமும் மெல்லிய ஸ்பாஞ்சும் உச்ச ஒலியை மட்டும் தின்னும். சுவரோடு ஒட்டிய பொருள் நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அதன் தடிமன் கால் அலைநீளத்தை நெருங்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸுக்கே அது கிட்டத்தட்ட 9 செ.மீ. ஆகவே சுவர் முழுக்க மெல்லிய ஸ்பாஞ்சோ முட்டை அட்டையோ ஒட்டினால், தம்புராவின் மேற்சுரங்கள் செத்து, 'பூம்' அப்படியே இருக்கும். அதற்கு ஒட்டாமலே இருக்கலாம்.

ஸ்பீக்கரும் கண்ணும்

ஃபிளாய்ட் டூல் என்ற ஆராய்ச்சியாளர் 1980களில் கனடா தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்து மக்களுக்கு எது பிடிக்கிறது என்று சோதித்தார். முடிவு ரொம்ப எளிமை. நேர் எதிரே தட்டையான அதிர்வெண் அளவும், பக்கவாட்டில் திடீர் ஏற்ற இறக்கம் இல்லாமல் மெதுவாகக் குறையும் அளவும் உள்ள ஸ்பீக்கர்களே பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தன. பக்கவாட்டு அளவு ஏன் முக்கியம் என்றால், சுவரில் பட்டு நமக்கு வருவது அதுதான். சில மில்லி வினாடிகளுக்குள் வரும் எதிரொலியைக் காது தனியாகப் பிரிக்காது, நேர் ஒலியோடு சேர்த்துவிடும். இதை 1949ல் ஹெல்மட் ஹாஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில் விளக்கினார். தனியாகக் கேட்காவிட்டாலும் அது குரலின் நிறத்தை மாற்றும்.

1994ல் டூலும் ஷான் ஆலிவும் இன்னொன்று செய்தார்கள். அதே ஸ்பீக்கர்களை மறைத்துவைத்து ஒரு முறை, பார்க்கவிட்டு ஒரு முறை. கண்ணால் பார்த்ததும் மதிப்பெண் மாறியது. பெரிய, விலை உயர்ந்த தோற்றமுள்ளவை ஏறின. மறைவில் நன்றாக மதிப்பெண் வாங்கிய சின்ன, மலிவான செட் இறங்கியது. ஷோரூமில் நாம் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆம்ப், கேபிள், டிஏசி

இனி தீர்ந்துபோன பிரச்சினைகள். ஸ்பீக்கரின் திறன் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 87 டெசிபல் என்று வைப்போம். 3 மீட்டர் தள்ளி அறைக்குள் அது சுமார் 81 ஆகும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் 84. வீட்டில் நிறைவாகக் கேட்பது சராசரி 75 டெசிபல். மிருதங்கத்தின் ஒரு அடி அதற்கு மேல் 20 டெசிபல் தாவினால் 95. அதாவது 1 வாட் அளவைவிட 11 டெசிபல் அதிகம். அதற்கு ஸ்பீக்கருக்குச் சுமார் 13 வாட் போதும். சராசரிக்கு ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு! ஒழுங்காக வடிவமைத்த 50 வாட் ஆம்ப் இந்த அறைக்குத் தாராளம்.

கேபிள்: வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு 7 மில்லி ஓம். 3 மீட்டர் தூரத்துக்குப் போக வர 6 மீட்டர், 42 மில்லி ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் இழப்பது 0.05 டெசிபலுக்கும் கீழே. தலையை இரண்டு அங்குலம் திருப்பினால் இதைவிட அதிகம் மாறும்.

டிஏசி: 1982ல் வந்த சிடியின் 16 பிட் அளவிலேயே சுமார் 96 டெசிபல் வீச்சு இருக்கிறது. நம் அறையில் சீலிங் ஃபேன் சுற்றினால் அடிச்சத்தம் 40, 50 டெசிபல் வந்துவிடும். உச்சம் 95 என்றால் நமக்குக் கிடைக்கும் வீச்சு வெறும் 50 சொச்சம். 24 பிட் வாங்குவதைவிட ஃபேனை அணைப்பது பெரிய அப்கிரேட். சித்திரை மாசத்தில் முடியாதுதான். ஃபேனை ஒன்றில் வையுங்கள்.

எந்த வரிசையில் செய்வது?

1. ஸ்பீக்கர்களும் நீங்களும் சம பக்க முக்கோணமாக உட்காருங்கள். சின்ன அறையில் 2 மீட்டர் பக்கம் போதும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். தலை அறையின் நட்டநடுவிலும் வேண்டாம், சுவரை ஒட்டியும் வேண்டாம்.

2. தெரிந்த ஒருவர் பேசிய, இசை கலக்காத பதிவை மோனோவில் போடுங்கள். குரல் நடுவில் ஒரு ஆள் அளவுக்கு நிற்கவேண்டும். வாய் நாலடி அகலத்துக்கு இருந்தால் பக்கச்சுவர் எதிரொலி அதிகம். நண்பர் ஒருவர் கண்ணாடியைப் பக்கச்சுவரோடு நகர்த்தட்டும். உங்களுக்கு ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் 4 அங்குல ராக்வுல் பலகை அல்லது ஆழமான புத்தக அலமாரி வையுங்கள்.

3. அளந்து பாருங்கள். யுஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று, கூடவே ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள். 57 ஹெர்ட்ஸ் மேடு திரையில் கண்ணெதிரே தெரியும். அதை ஈக்வலைசரால் வெட்டலாம். பள்ளத்தை மட்டும் தூக்கி நிரப்பப் பார்க்காதீர்கள். எவ்வளவு சக்தி ஊற்றினாலும் எதிரொலி அதையும் அழிக்கும். பள்ளத்துக்கு மருந்து இடம் மாற்றுவதுதான்.

4. மூன்று நல்ல பதிவுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலைத் துடைக்கிறேன் என்று மேற்சுரங்களையும் சேர்த்து வழித்தெடுத்த பதிவு எந்த சிஸ்டத்திலும் உயிர்பெறாது. பழைய மோனோ சினிமாப் பாட்டு, அறுபது வருடம் ஆனாலும், ஒழுங்காகப் பதிவானது என்றால் குரல் எதிரே வந்து நிற்கும்.

5. இவ்வளவும் செய்தபின் ஸ்பீக்கரை மாற்றலாமா என்று யோசியுங்கள். ஒப்பிடும்போது சத்தத்தை மீட்டர் வைத்துச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூட இருந்தாலே அது 'நல்ல சிஸ்டம்' ஆகிவிடும். ஆம்பும் கேபிளும் கடைசி.

காது

இந்த சங்கிலியில் மாற்றவே முடியாத உறுப்பு காது. இளம் வயதில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டது, நாற்பதுகளில் பலருக்கு 15,000த்தை ஒட்டி நின்றுவிடும், பிறகு இன்னும் இறங்கும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 88ல் 4 மணி நேரம் என்பது பாதுகாப்புக்கான பொதுவான எல்லை. மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். பஸ்ஸிலும் ஆபீஸிலும் ஹெட்ஃபோனில் அலறவிட்டுவிட்டு, வீட்டில் மூன்று லட்சத்துக்கு சிஸ்டம் போடுவதில் அர்த்தமில்லை.

ஆறுதலான விஷயம், குரலும் வீணையும் மிருதங்கமும் தங்கள் அடையாளத்தை வைத்திருப்பது பெரும்பாலும் 100 முதல் 8000 ஹெர்ட்ஸுக்குள். பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் இந்தப் பகுதி வெகுகாலம் கூட வரும். அறையைச் சரிசெய்யும்போது நாம் காப்பாற்றுவதும் இதே பகுதியைத்தான். ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்து அறையை அளந்து, 349ஐ இரு மடங்கு நீளத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன்பிறகு கடைக்குப் போங்கள்.